பக்கத்துத் தோட்டத்துப் பார்வை

"பிரேக்கை மிதிச்சா ஃபியூஸ் போயிருதுங்க. இந்த வாரத்துல இது ஆறாவது," என்று பழைய பிக்கப் வண்டியை எலெக்ட்ரீசியன் நஞ்சுண்டன் முன்னால் நிறுத்தினார் கிருபாசங்கர்.

"எப்ப இருந்துங்க?"

"பெயிண்ட் அடிச்சு ஊட்டுக்குக் கொண்டுவந்த நாள்ல இருந்துங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு பார்வை பார்த்தாருங்க, அதோட சரி."

தானும் பாதி எலெக்ட்ரீசியன் என்பது கிருபாசங்கரின் நினைப்பு. பல்பை மாற்றிப் பார்த்தார், பேட்டரியைத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் வண்டிக்குப் பூசணிக்காய் சுற்றியும் உடைத்துவிட்டார்.

நஞ்சுண்டன் வண்டியின் பின்னால் இருந்த திருஷ்டி பொம்மையைக் கழற்றினார். அதை மாட்டியிருந்த நீளமான ஸ்குரூ, தகரத்தைத் துளைத்துக்கொண்டு பிரேக் லைட் வயருக்குள் இறங்கியிருந்தது.

"எந்தக் கூறுகெட்டவனுங்க இதை முடுக்குனது?"

கிருபாசங்கர் தலையைச் சொறிந்தார்.

"அவரு பார்வைக்குப் பயந்து அன்னைக்கே நான்தானுங்க முடுக்குனேன். அந்தப் பூசணிக்காயை எனக்குச் சுத்தியிருக்கோணுமுங்க."