பழைய டிரைவரைத் தூக்கணும்

வயலின் டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரில் சிடி டிரைவைக் காணவில்லை. அது இருந்த இடத்தில்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் நாக்கை நீட்டியது, மறுபடி அழுத்தினால் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனால் திரையில் தேடினால், அப்படி ஓர் ஆளையே தெரியாது என்று கம்ப்யூட்டர் ஒரேயடியாகச் சாதித்தது.

"பசங்க வாசிச்சதையெல்லாம் சிடியில போட்டு அனுப்பணும் தம்பி. எனக்கானா இந்த மவுஸைத் தொட்டாலே கை நடுங்குது" என்றார் டீச்சர்.

"நான் எதுக்கு இருக்கேன் டீச்சர்?" என்று பையைத் திறந்தான் சிப்பு. அந்தத் தெருவில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் 'சிப்'பிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. விவரம் தெரியாதவர்கள் என்றால் அவனுக்கு இரட்டிப்பு உற்சாகம். செய்கிற வேலையைவிட விளக்குகிற வேலைதான் அவனுக்குப் பிடிக்கும்.

புழுக்கமாக இருக்கிறது என்று டீச்சர் ஜன்னலை விரியத் திறந்தார். வெளியே அவருடைய டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல வருஷத்து ஆள். போன மாதத்திலிருந்து பாதியாக இளைத்துவிட்டார்.

போன மாதம்தான் டீச்சரின் வயலின் தொலைந்தது. கச்சேரி முடிந்து வீடு திரும்பிய பிறகு பார்த்தால் பெட்டி மட்டும் இருந்தது. மேடையிலேயே விட்டுவிட்டாரா, வழியில் போனதா, யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் வந்தது, டீ குடித்தது, போய்விட்டது. டீச்சரைவிட டிரைவர்தான் அதிகமாக அழுதார் என்று தெருவே உச்சுக் கொட்டியது.

சிப்பு உள்ளே நோண்டிப் பார்த்தான். சிடி டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி.

"பிடிச்சிட்டேன் டீச்சர்! சிடி எரிக்கிற, அதான் சிடியில பதியிற சாஃப்ட்வேர் இதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. ரெண்டும் ஆளுக்கொரு டிரைவரை உள்ள விட்டிருக்கு."

"டிரைவரா?"

"கார் ஓட்டுறவர் இல்ல டீச்சர், இது குட்டி புரோகிராம். சிடி டிரைவை ஓட்டுறது இதுதான். ரெண்டு பேரும் ஒரே ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுக்கிறாங்க. அதான் வண்டி நின்னுபோச்சு."

தண்ணீர் பிடிக்கப் போயிருந்த டிரைவர் அப்போதுதான் திரும்பி வந்து, வாளியை ஜன்னலடியில் 'ணங்'கென்று வைத்தார்.

"தலையும் புரியல, வாலும் புரியல" என்றார் டீச்சர். "சுருக்கமாச் சொல்லுங்க தம்பி, பிரச்சினை யாரால?"

"பழைய டிரைவராலதான்!" பாடம் நடத்தும் ஜோரில் சிப்புவின் குரல் ஏறியது. "வெளியில பார்த்தா பரம சாது. உள்ள பண்றதெல்லாம் திருட்டு வேலை. இருக்கிற பொருளையே இல்லைன்னு நம்ப வெச்சுட்டான் பாருங்க!"

வெளியே துடைக்கும் சத்தம் நின்றது.

"அடப்பாவமே, என்ன பண்றது இப்ப?"

"தூக்கிட வேண்டியதுதான்."

"இத்தனை வருஷமா இருக்கானே தம்பி..."

"அதையெல்லாம் பார்த்தா முடியாது டீச்சர். சும்மா வெளியே அனுப்பினாலும் பத்தாது. எங்கெங்க எதை ஒளிச்சு வெச்சிருக்கான்னு எனக்கு அத்துப்படி. எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டா, இன்னிக்கே எரிச்சிடலாம்!"

வாளி உருண்டது. அடுத்த நொடி, இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்த டிரைவர் அறைக்குள் வந்து விழுந்தார்.

"எரிச்சிடாதீங்கம்மா! வயலின் எங்க அக்கா வீட்டு பீரோ மேல இருக்கு. ஒரு கீறல்கூட விழலம்மா! விக்கலாம்னுதான் எடுத்தேன். வாங்க வந்தவன் ரெண்டு கேள்வி கேட்டான், கை கால் உதறிடுச்சு. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லம்மா!"

சிப்பு வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை. "அது எங்கப்பா வாசிச்சது. உனக்குத் தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டார். டிரைவர் கார் சாவியையும் லைசென்ஸையும் மேஜையில் வைத்துவிட்டு, வயலினை எடுத்துவர ஓடினார்.

அவர் போய் வருவதற்குள் சிப்பு பழைய சாஃப்ட்வேரைக் கழற்றி, அது விட்டுப்போன மிச்சம் மீதியையும் சுரண்டி எடுத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். சிடி டிரைவ் ஒன்றுமே நடக்காதது போலத் திரையில் வந்து நின்றது.

போர்வையில் சுற்றிய வயலின் வந்து சேர்ந்தது. டீச்சர் அதை மடியில் வைத்து, ஒரு தந்தியை முறுக்கி, மெல்லச் சுண்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"லைசென்ஸை எடுத்துக்கோ. போலீஸுக்குச் சொல்லப் போறதில்ல. சாவி மட்டும் இங்கயே இருக்கட்டும்."

டிரைவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று அந்த வீட்டில் தூக்கப்பட்ட இரண்டாவது டிரைவர் அவர்.

சிடி சுழன்றுகொண்டிருந்தது. சிப்புவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னா அதிர்ஷ்டம் டீச்சர் உங்களுக்கு! நான் பாட்டுக்கு எதையோ உளற, மனுஷன் தானா வந்து மாட்டிக்கிட்டார். ஆனா ஒண்ணு, இனிமே பசங்களைக் கம்ப்யூட்டர்ல கண்டதையும் போட விடாதீங்க. அந்தப் புது சாஃப்ட்வேர் வந்ததாலதான் இவ்வளவு வம்பும்."

டீச்சர் வில்லின் இழைகளை நீவிவிட்டுக்கொண்டே நிமிர்ந்தார்.

"பசங்க போடல தம்பி, நான்தான் போட்டேன். எதை எதோட சேர்த்துப் போட்டா டிரைவருக்கு டிரைவர் அடிச்சுக்கும்னு தேடிக் கண்டுபிடிக்கத்தான் ஒரு வாரம் ஆயிடுச்சு!"