டீச்சர் வீட்டு அடுப்பு

“சொல்லக் கூடாதுதான். மனசு கேக்கல. மூணாவது மாடி ரிட்டையர்டு டீச்சர் தினமும் மதியம் உங்கப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, அவர் சமைக்கிறதைச் சாப்பிட்டுட்டுப் போறாங்க.”

கீழ்வீட்டுத் தையல்காரம்மா போனில் இதைச் சொன்னதும் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா போய் ஏழு மாசம். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பாவுக்குச் சமையல் தெரியும் என்று யாரும் சொன்னதில்லை. போன தடவை அவள் வந்தபோது டீயும் ரஸ்க்குமாக நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். சட்டை ஆணியில் மாட்டியது மாதிரி தோளில் தொங்கியது. “என்கூட வந்துடுங்கப்பா” என்று கெஞ்சிப் பார்த்தாள். அசையவில்லை. போனில் “சாப்பிட்டீங்களா?” என்றால் “ம்” மட்டும்தான் வரும்.

அந்த மனுஷனை வேலை வாங்கி ஒருத்தி சாப்பிடுவதா?

மறுநாளே மருந்துக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மேஜை முன்னால் டீச்சர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

“என்ன சார், இன்னைக்கும் முட்டைக்கோஸா?”

“பாதி மிச்சம் கிடந்துச்சு டீச்சர். வீணாக்க வேணாமேன்னு...” என்றபடி கரண்டியோடு வெளியே வந்த அப்பா, மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். “அட! நீ எப்ப வந்தே? இரு இரு, மூணு பேர் ஆயிட்டோம்.”

அவசரமாக ஃபிரிட்ஜைத் திறந்து குனிந்தார். வாடிப்போன கேரட் இரண்டு. நேற்றைய சோறு ஒரு கிண்ணம். முட்டை மூணு.

“போதும், ஜமாய்ச்சுடலாம்” என்றார்.

பருப்பு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. கேரட்டைப் பொடியாக நறுக்கி அதில் தள்ளினார். முட்டைக்கோஸை அள்ளிப் போட்டார். சோற்றைக் கையால் உதிர்த்துக் கலந்தார். மேலே மூணு குழி பறித்து, குழிக்கு ஒன்றாக முட்டையை உடைத்து ஊற்றி மூடிவைத்தார். இன்னொரு பக்கம் வெங்காயம் சிவக்க வதங்கி, கடைசியில் அதன் தலையில் ‘சொய்ங்’ என்று இறங்கியது.

ரஸ்க் டப்பாவைத் தவிர வேறெதையும் திறக்காத அப்பாவா இது?

சாப்பிட்டுப் பார்த்தால், நன்றாகவே இருந்தது. சுடச்சுட, வயிறு நிறைய.

டீச்சருக்கு மட்டும் திருப்தி இல்லை. “உப்பு ஒரு கல் குறையுது சார். முந்தாநாள் உருளைக்கிழங்கு போட்டீங்களே, அது இதைவிட நல்லா இருந்துச்சு. சரி, நாளைக்கு என்ன?”

ஓசிச் சாப்பாட்டுக்கு நொட்டைச் சொல் வேறா! மகளால் பொறுக்க முடியவில்லை.

“ஏன் டீச்சர், உங்க வீட்டுல சமைக்கிறதே இல்லையா?”

டீச்சர் வாய் திறக்குமுன் அப்பா குறுக்கே விழுந்தார். “அவங்க வீட்டு அடுப்பு ரிப்பேர்ம்மா. வீட்டுக்காரருக்கு ஆபீஸ் கேன்டீன் இருக்கு. இவங்க பாவம், என்ன பண்ணுவாங்க?”

“எத்தனை நாளா ரிப்பேர்?”

“ஒரு ரெண்டு மாசம் இருக்கும். நான் பார்த்துத் தரேன்னு சொன்னேன். கம்பெனி ஆளுதான் கை வைக்கணுமாம்.”

டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். இன்றைக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான். மகள் விறுவிறுவென்று பின்னாலேயே மாடி ஏறினாள்.

மூணாவது மாடிக் கதவு திறந்ததும் குழம்பு வாசனை முகத்தில் அடித்தது. அடுப்பில் பாத்திரம் தளதளவென்று கொதித்தது. மேஜையில் இரண்டு தட்டு. ஒன்றின் முன்னால் டீச்சரின் கணவர்.

“வந்துட்டியா? எனக்குப் பசி உயிர் போகுது. சீக்கிரம் உட்காரு.”

பின்னால் நின்ற மகளைப் பார்த்ததும் டீச்சரின் முகம் வெளிறியது.

“அடுப்பு நல்லாத்தானே எரியுது டீச்சர்?”

“எரியுதும்மா” என்றார் டீச்சர், திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி. “முதல்ல நான்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். மூணு நாளும் மூடியைக்கூடத் திறக்கல. தனக்குன்னா ஒரு தம்ளர் வெந்நீர் வைக்க மாட்டார் உங்கப்பா. அப்புறம் ஒருநாள், பசிக்குது சார், எங்க வீட்டு அடுப்பு ரிப்பேர்னு போய் நின்னேன். பதறிப்போய் எழுந்தார். வீட்டுல இருந்ததை எல்லாம் போட்டு ஏதோ கிண்டினார். எனக்குப் போட்டுட்டு, தானும் உட்கார்ந்து சாப்பிட்டார்.”

“அன்னையிலேர்ந்து இவளுக்கு ரெண்டு மதியச் சாப்பாடு” என்று கணவர் சிரித்தார். “தனியா சாப்பிட எனக்குப் பிடிக்காதுன்னு இங்கேயும் ஒரு வாய் சாப்பிடணும். இவ ஜாக்கெட்டையெல்லாம் பிரிச்சுப் பெரிசாத் தைக்கக் கொடுத்தாச்சு.”

மகள் சட்டென்று முன்னால் வந்தாள். டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஏழு மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் இறங்கியது.

“அப்பாகிட்ட மூச்சு விட்டுடாதேம்மா” என்றார் டீச்சர்.

கீழே வந்தாள். அப்பா தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

“டீச்சர்கிட்ட சண்டை போடத்தானே போனே?”

“சேச்சே, இல்லப்பா. சும்மா பேசிட்டு வந்தேன்.”

“அடுப்பு எப்படி, நல்லா எரியுதா?”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அப்பா திரும்பாமலே சொன்னார். “முதல் வாரமே தெரியும்மா. அடுப்பு ரிப்பேர்னு சொல்றவங்க கையில தினமும் பூண்டு வாசனை எப்படி வரும்? நீ எதையும் காட்டிக்காதே. தெரிஞ்சிடுச்சுன்னா வராம நின்னுடுவாங்க. எனக்காக மட்டும் சமைச்சுக்க, எனக்கு இன்னும் மனசு வரல.”