பீரோவுக்குள் ஒரு ரவுட்டர்

தூசி படக்கூடாதென்று பூங்கோதை புது ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்தாள். வயருக்கு மட்டும் பின்னால் ஒரு துளை போட்டுவிட்டு, கதவை இறுகச் சாத்தினாள்.

பக்கத்து அறையில் லேப்டாப் பதறியது. "அண்ணே, அவளுக்கு வேலைக்கான இன்டர்வியூ நடக்குது. எதிர்ல இருக்கிறவர் முகம் அப்படியே உறைஞ்சு நிக்குது. கொஞ்சம் வேகமா அனுப்புங்களேன்."

"நான் முழு மூச்சாத்தான் அனுப்பறேன். பாதியை இந்த இரும்பு முழுங்குது. கதவைத் திறந்து வைக்கட்டும்" என்றது ரவுட்டர்.

"அவ வந்தா அடிதான் விழும்ணே. தப்பு உங்க மேலதான்னு நினைக்கிறா."

"விழட்டும். அடிக்கறதுக்காவது கதவைத் திறந்துதானே ஆகணும்!"

பூங்கோதை எரிச்சலோடு வந்தாள். பீரோவைத் திறந்து, ரவுட்டரின் மண்டையில் ரெண்டு தட்டு தட்டி, சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். அதன் விளக்குகள் எரிந்ததும் லேப்டாப்பில் அந்த முகம் அசைந்தது, குரல் தெளிவாகக் கேட்டது.

"ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வருது" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டு ஓடினாள்.

முகம் மறுபடி உறைந்தது.

"அண்ணே!" என்று அலறியது லேப்டாப். "இப்ப என்ன செய்ய?"

இருட்டுக்குள்ளிருந்து ரவுட்டர் சொன்னது: "மறுபடி அடிக்க வரச் சொல்லு."