எச்சில் அறியும் டம்ளர்

வீடு வீடாகப் போய்க் குடும்பத்தாரின் எச்சிலை எடுத்து வந்து, அதிலுள்ள உப்புகளை மட்டும் ஏற்கும் மூலக்கூறைச் செய்து டம்ளர்களில் பூசிக் கொடுக்கிறேன். இதற்குத்தான் வேதியியலில் இரண்டு பட்டம் வாங்கினேன். மின்னூட்டமுள்ள துண்டுகளைக் கோத்தால் மூலக்கூறு தயார். குடும்பத்துக்கேற்பத் துண்டை மாற்றிக்கொள்ளலாம். வெளியாள் வாய் வைத்தால் டம்ளர் நீலமாகிவிடும்.

"வேலைக்காரிக்குத் தனி டம்ளர் வைக்கிறதெல்லாம் அந்தக் காலம்மா. எங்க வீட்ல அந்தப் பழக்கமே கெடையாது," என்று பெருமையடித்துவிட்டுத்தான் தணிகாசலம் எல்லா டம்ளருக்கும் பூச்சு கேட்டார். அவர் வீட்டில் சமைக்கும் அஞ்சலை அப்போது எனக்குக் காப்பி கொண்டுவந்தாள்.

நேற்று அவசரமாகக் கூப்பிட்டார்கள். தணிகாசலம் வாய் வைக்கும் டம்ளரெல்லாம் நீலமாகிறதாம். அவர் புதிதாகச் சாப்பிடும் இரத்தக்கொதிப்பு மாத்திரை எச்சிலை மாற்றியிருந்தது. பூச்சில் ஒரு துண்டை மாற்ற வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றேன்.

வீட்டம்மாள் ஒரு பிளாஸ்டிக் டம்ளரை எடுத்து, அவர் கை படாமல் முன்னால் வைத்தாள்.

"அதுவரைக்கும் இதுல குடிங்க. குடிச்சிட்டு நீங்களே கழுவி, அஞ்சலை டம்ளர் பக்கத்துல கவுத்துடுங்க."

அது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. குடித்து முடித்து, நேராகப் பின்பக்கப் பால்கனிக்குப் போனார்.