வெர்னனின் பூச்சு

அரிசோனா வெயிலில், தாங்கள் குடியிருக்கும் வீட்டு வண்டியின் கூரைமேல் டார்லீன் முட்டிபோட்டிருக்கிறாள். தெற்கே மழைமேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. பக்கத்து வண்டிக்காரர் டெல்பர்ட் ஏசி பெட்டியை நெம்பி, ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பெட்டியின் அடிவிளிம்பைச் சுற்றி வெள்ளைப் பசை, ஒழுக்கை நிறுத்த அவள் கணவன் வெர்னன் வருஷம் தவறாமல் அடுக்கடுக்காகப் பூசியது. கத்தியால் சுரண்டச் சுரண்ட அது ரப்பராக இழுபடுகிறது.

"ஏசி சொட்டுற தண்ணி கூரைல வழிஞ்சு ஓடணும் டார்லீன். இந்த மனுஷன் சுத்தி அடைச்சுட்டான், அது உள்ளதான இறங்கும்?" டெல்பர்ட் குரலைத் தணிக்கிறார். "அடியில இருக்கிற கேஸ்கெட் ரப்பரை மாத்தி, உள்ளயிருந்து போல்ட்டை முடுக்கினா முடிஞ்சிருக்கும்."

பழைய கேஸ்கெட் அப்பளமாக நசுங்கிக் கிடக்கிறது. பெட்டிக்கு அடியில் இருக்கும் கூரை ஓட்டையைச் சுற்றியுள்ள மரச்சட்டம் நனைந்த ரொட்டிபோல அவள் விரலோடு வருகிறது; அதன் அடியெல்லாம் கறுப்புப் பூஞ்சை. ஓட்டை வழியே எட்டிப்பார்க்கிறாள். நேர் கீழே கட்டில். நகர மாட்டேன் என்று அடம்பிடித்துப் படுத்திருக்கிறான் வெர்னன், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஆக்ஸிஜன் இயந்திரத்தின் இரைச்சலில் மேலே பேசியது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. போர்வைமேல் கறுப்புத் தூள் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

"என்ன டார்லீன், என் பூச்சு நல்லா புடிச்சு நிக்குதா?" என்று கத்துகிறான்.

"கல்லு மாதிரி நிக்குது வெர்ன்." ஓட்டைக்குள் குனிந்து அவளும் கத்துகிறாள்.

"சொன்னேன்ல! எந்திரிச்சதும் இன்னொரு கோட்டிங் குடுத்துடறேன்."

சிரிக்க வாய் திறக்கிறான். இருமல் முந்திக்கொள்கிறது.