இரண்டாம் பாடம்

"சொன்னாக் கேளு. தாள்ல போட்டிருக்கற பாடத்தை வாசிச்சிட்டு இறங்கி வந்துடு. சபை நடுவுல இதெல்லாம் வேண்டாம்," என்றான் கணவன், உதடு அசையாமல்.

"நான் யாரையும் திட்டப் போறதில்லையே. வேதம்தானே வாசிக்கப் போறேன்?"

"வேதத்தை எடுத்து அடிக்கப் போறே. அதுக்குத் திட்டிடலாம்."

ஆலயத்தில் பாட்டு உச்சத்தில் இருந்ததால் இவர்கள் பேச்சு வெளியே கேட்கவில்லை. அவள் மடியிலிருந்த வேதாகமத்தில் அன்றைக்குரிய பாடத்தை ஒரு நாடா காட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய விரலோ வேறு பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் பெற்றோரைக் கனம்பண்ண வேண்டும் என்று அப்போஸ்தலன் எழுதிய பக்கம் அது. அதை வாசிக்கத்தான் நாலு மாதமாகக் காத்திருந்தாள்.

முதல் வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருக்கும் வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். பெற்ற தாயை வீட்டை விட்டு அனுப்பியவனுக்கு இஸ்திரி ஒரு கேடா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் அம்மாதான் போனில் சொன்னாள். "உங்கண்ணன் வீட்டுல இடம் பத்தலைன்னுட்டான். நான் ஆலயத்துப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்துக்கிட்டேன்."

"எதுக்கும்மா ரூம்? இங்க வாங்க."

"மருமகன் வீட்டுல வந்து உட்கார மாட்டேன்."

"அவனை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன் இருங்க!"

"என் மேல ஆணை! அவன்கிட்ட நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அதோடு முடிந்தது. தபால் நிலையத்துக் கவுன்ட்டரில் நாள் முழுக்க ஊராரோடு வாயாடுகிறவளுக்கு, கூடப் பிறந்தவனிடம் மட்டும் வாய்ப்பூட்டு. ஆனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டிருந்த வாசிப்புப் பட்டியலில், இந்த ஞாயிறு முதல் பாடம் அண்ணனுக்கும் இரண்டாம் பாடம் அவளுக்கும் விழுந்திருந்தது. பேசக் கூடாது என்றுதானே ஆணை? வாசிக்கக் கூடாது என்று அம்மா சொல்லவில்லையே!

திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் அம்மா. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கவலையில் உடம்பு ஊதிவிட்டது போலிருக்கிறது, பாவம்.

பாட்டு முடிந்தது. அண்ணன் எழுந்து வாசிப்பு மேடைக்குப் போனான். அன்றைய முதல் பாடம் ஓர் அரசன் ஆலயம் கட்டிய வரலாறு. சபையார் அந்த அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அண்ணனோ பக்கங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான்.

அவன் வாசிக்க ஆரம்பித்தது பத்துக் கட்டளைகளை.

ஆலயம் முழுக்கத் தாள்கள் சலசலத்தன. அவசரமாகத் தேடினார்கள், பக்கத்தில் இருப்பவரை எட்டிப் பார்த்தார்கள். ஆயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தாய் தகப்பனைப் பற்றிய கட்டளை வந்ததும் அண்ணன் நிறுத்தினான். நிமிர்ந்து நேராக அவளைப் பார்த்தான். பார்த்தபடியே அந்தக் கட்டளையை இன்னொரு முறை சொன்னான்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. திருடனே "திருடன், திருடன்" என்று கத்திக்கொண்டு ஓடுகிற கதையாக அல்லவா இருக்கிறது!

"இரண்டாம் பாடம்," என்றார் ஆயர், குரல் எழும்பாமல்.

கணவன் அவள் முந்தானையைப் பிடித்தான். உதறிவிட்டு எழுந்தாள். மேடைக்குப் பத்தடிதான். இன்றைக்கு அண்ணன் உறவு அறுந்தது அறுந்ததுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகையும் வந்தது. ஆனாலும் ஏறினாள்.

அண்ணன் இறங்கவில்லை. மைக் பக்கத்திலேயே நின்றான்.

"காதுல விழுந்துதா?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆணையாவது ஒன்றாவது! "அதை எனக்கு வாசிக்கறியா? அம்மாவைத் துரத்தினது நீ!"

"நானா? உன் வீட்டுக்குப் போறேன்னுதானே பெட்டியைத் தூக்கிட்டுப் போனாங்க? ஒரே வாரத்துல வெளிய அனுப்பிட்டியே, நீயெல்லாம் ஒரு மகளா? திரும்பக் கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க. உன்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு ஆணை வேற!"

"உனக்கும் ஆணையா?" அவள் திகைத்துப் போனாள். "அண்ணா, அம்மா எங்க வீட்டுக்கு வரவே இல்லையே!"

"வரவே இல்லையே" என்று ஆலயத்தின் நாலு ஒலிபெருக்கிகளும் திருப்பிச் சொன்னபோதுதான், மைக்கை யாரும் அணைக்கவில்லை என்பது இருவருக்கும் உறைத்தது.

சபை மொத்தமும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அம்மா மெல்ல எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆயரய்யா, மன்னிச்சிடுங்க. நீங்க ரெண்டு பேரும் இறங்கிப் போய் உட்காருங்க. உங்களை வளர்த்தேன், உங்க பிள்ளைங்களையும் வளர்த்தேன். இனிமேலாவது எனக்குன்னு ஒரு ரூம், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும்னு ஆசைப்பட்டேன். நேராச் சொல்லியிருந்தா ரெண்டு பேர்ல யாராவது என்னை விட்டிருப்பீங்களா?" என்றாள் அம்மா. "என்னை யாரும் துரத்தலை. நான்தான் உங்ககிட்டேருந்து தப்பிச்சு வந்தேன்."