நிபந்தனைகளுக்கு உட்பட்ட வளையம்

"ஏய், குடத்த வை! வைன்னு சொல்றேன்ல!"

பல் விளக்கிக்கொண்டிருந்த யேசுதாஸ், வாயில் பிரஷ்ஷோடு தெருக்குழாயடிக்கு ஓடி வந்தார். குனிந்திருந்த அவர் மனைவி சுகிர்தா, குடத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அரைக் குடம்தாங்க..."

"அர இன்னா, கால் இன்னா? தண்ணி தூக்கக் கூடாதுன்னு போட்டுக்கிறான். இன்னும் மூணே நாளு. இவ்ளோ நாள் காப்பாத்திக்கினு வந்து இப்பக் கெடுத்துடாத."

குடத்தை அவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எதிர்வீட்டு மோகன்ராஜ் சிரித்தது காதில் விழுந்தது. ஆரம்பாக்கத்தில் அந்தத் தெருவிலேயே குடம் தூக்கும் ஒரே ஆண்பிள்ளை என்ற பட்டம் அவருக்குக் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

எல்லாம் சுகிர்தாவின் மணிக்கட்டில் கிடக்கும் அந்தச் செம்பு நிற வளையம் செய்த வேலை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒயர் கம்பெனியில் எட்டு வருஷமாக ஒயர் முனைகளை அழுத்தி அழுத்தி, அவளுக்கு வலது மணிக்கட்டு போயிருந்தது. கரண்டி பிடிக்கக்கூட முடியவில்லை. சூப்பர்வைசர் இரக்கப்பட்டு லேபிள் ஒட்டும் வேலைக்கு மாற்றினார். "ரெண்டு மாசம் டைம் தரேன். கை சரியாகலன்னா வேற ஆள் போட்டுடுவாங்கம்மா" என்றும் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் போனார்கள். கைக்கு ஓய்வு வேண்டும் என்றார். "ஓய்வாம்! ஊட்டு வேலைய யாரு, அவரு வந்து செய்வாரா?" என்று திரும்பி வரும் வழியெல்லாம் யேசுதாஸ் பொரிந்து தள்ளினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அதற்கப்புறம்தான் ஒருநாள் சுகிர்தா இந்த வளையத்தோடு வந்து நின்றாள். காந்த வளையமாம். வலியை இழுத்துவிடுமாம். கூட வேலை செய்யும் ஏஞ்சலின் வாங்கிக் கொடுத்தாளாம்.

யேசுதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் யார்? அதே சிப்காட்டில் மோட்டார் பம்ப் கம்பெனியில், ரிப்பேர் என்று திரும்பி வரும் பம்புகளைச் சோதிக்கிறவர். அவரிடமேவா? குண்டூசி டப்பாவை எடுத்து வந்து வளையத்தின் மேல் கவிழ்த்தார். ஒரு ஊசிகூட ஒட்டவில்லை.

"பாத்தியா? சுத்த டுபாக்கூர்! இவன கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுக்கல, என் பேரு யேசுதாஸ் இல்ல."

"இழுங்க. ஆனா இதுல கண்டிஷன்லாம் போட்டுக்கிது. அத செய்யாம கேஸ் போட்டா நிக்குமா?" என்று, பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒரு தாளை நீட்டினாள் சுகிர்தா.

மனிதர் அங்கேதான் மாட்டினார். "மேனுவல படிக்காமலே வாரண்டி கார்டுல கையெழுத்து போட்டுடறது. அப்புறம் பம்பு எரிஞ்சிபோச்சுன்னு தூக்கிக்கினு வரது. யாரு பொறுப்பு?" என்று தினம் நாலு பேரையாவது திருப்பி அனுப்புகிறவர் ஆயிற்றே! தனக்கு அந்தக் கதி வரலாமா?

தாளை வரிவரியாகப் படித்தார். ஆறு வாரத்துக்குத் தண்ணீர் தூக்கக் கூடாது. துணி பிழியக் கூடாது. மாவு பிசையக் கூடாது. பாத்திரம் தேய்க்கக் கூடாது. இப்படிப் பதினொன்று. தாளை ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டினார். பதினொன்றையும் தானே செய்து, தினமும் காலண்டரில் டிக் அடித்தார். சப்பாத்திகூடச் சுட்டார். வட்டமாக வரவில்லை, அது வேறு விஷயம்.

நாற்பத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஊறுகாய் பாட்டிலை மூச்சைப் பிடித்து இறுக மூடி அவளிடம் நீட்டினார்.

"தொற."

ஒரே திருகில் திறந்தாள்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாத."

"சத்தியமா இல்லீங்க. நேத்து மிஷின்ல உக்காரவச்சிப் பாத்தாங்க. நாளையிலேர்ந்து பழைய வேலைக்கே வரச் சொல்லிட்டாங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

யேசுதாஸுக்கும் சந்தோஷம்தான். ஆனால் உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். ஊசி ஒட்டாத வளையம் வலியை எப்படி இழுத்தது? வளையத்தைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேஸ் போச்சு. கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சுகி... ஏஞ்சலின்கிட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு வாங்கேன். தண்ணி தூக்கித் தூக்கி இடுப்பு ஒரே பேஜாரா கீது."

சுகிர்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏஞ்சலினுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஸ்டேஷன் பக்கத்துல வளையல் கடையில நானேதான் வாங்கினேன்."

"அப்ப அந்தப் பேப்பரு?"

அவள் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த உறையை எடுத்து, தாளை உருவினாள். தாளின் தலையையும் காலையும் மறைத்திருந்த இரண்டு காகிதத் துண்டுகள் தரையில் விழுந்தன. மேலே டாக்டரின் பெயர் இருந்தது.

கீழே, 'மேற்கண்ட அறிவுரைகள் அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரிக்கு அடியில், இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியோடு யேசுதாஸின் கையெழுத்து இருந்தது.